முதலில் வந்தவள்

அபிநயாவை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதே தில்ஷாத்தான். பிற்பாடு அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

தில்ஷாத்துக்கு நாற்பத்திரண்டு வயது. நாரையூர் அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பிரிவின் லேப் டெக்னீஷியன். நாரையூர் பாலாற்றங்கரையில் இருக்கிற ஷூ கம்பெனி ஊர். விடிந்ததும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு கம்பெனி பஸ்கள் வரும். பொழுது சாய்ந்ததும் திரும்பக் கொண்டுபோய் இறக்கிவிடும். வருஷம் 2041 ஆகியும் அதில் மாற்றமில்லை. எந்திரங்கள் என்னென்னவோ செய்தன. ஆனால் ஷூவின் மேல்தோலை வளைத்துப் பிடித்துத் தைப்பதற்கு எந்திரத்தைவிடப் பெண்ணின் விரல் மலிவாக இருந்தது.

தை மாதத்தில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தில்ஷாத் ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் போய்ப் பேசினாள்.

"ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா வாங்க. ஒரு டப்பாவுல சளி குடுத்தாப் போதும். டிபின்னு வந்தாலும் வெட்கப்பட ஒண்ணும் இல்ல. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாப் போயிடும்."

முந்நூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மறுநாள் காலை வந்தது ஒரே ஒருத்தி.

"மூணு வாரமா இருமுதுக்கா. நீங்க பயப்பட வேணாம்னு சொன்னீங்களே, அதான் வந்தேன்" என்றாள். இருபத்துநாலு வயது, பெயர் அபிநயா, மூன்றாம் நம்பர் தையல் ஹாலில் வேலை. அவள் கொடுத்த டப்பாவின் குறியீட்டைத் தில்ஷாத் கருவியில் காட்டினாள். மணி 9:14 என்று பதிவானது.

டிபி இருந்தது. அதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. மாத்திரை கொடுத்தார்கள், அவளும் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள். அடுத்த மூன்று வாரத்தில், சட்டப்படி அதே ஹாலில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு, வந்தவர்களைச் சோதித்ததில் மேலும் ஏழு பேருக்கு நோய் இருப்பது தெரிந்தது. எட்டுப் பேரின் சளியிலிருந்தும் கிருமியைப் பிரித்து, அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மென்பொருள் அந்த எழுத்துகளை ஒப்பிட்டு, நோய் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒரு மரம் வரைந்து கொடுக்கும். ஒவ்வொரு முறை அனுப்புகிற தொகுப்புக்கும் தனித்தனி மரம். வேரில் நிற்பவருக்குச் சட்டம் வைத்த பெயர் 'மூலர்'.

மாசி மாதம் மரம் வந்தது. வேரில் அபிநயா இருந்தாள். அவளுக்குக் கீழே ஏழு கிளைகள்.

தொற்று மூலச் சட்டம் வந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நாரையூரில் அதுவரை யாரையும் மூலர் என்று அறிவித்ததில்லை. மூலர் என்று அறிவிக்கப்பட்டவர் இரண்டு வருஷத்துக்கு நாலு சுவருக்குள் நடக்கும் எந்த வேலைக்கும் போகக் கூடாது. பஸ்ஸில் ஏறக் கூடாது. அவர் பெயரும் ஊரும் சுற்றியிருக்கும் எல்லோருடைய கைபேசிக்கும் போகும். அவர் கைபேசியையும் கையிலேயே வைத்திருக்க வேண்டும். அது பக்கத்தில் வந்தால் மற்றவர்களின் கைபேசி கீச்சிடும். அபிநயா அறிவிப்பு வந்த அன்று மளிகைக் கடையில் வரிசையில் நின்றிருந்தாள். ஒரே நேரத்தில் பதினைந்து கைபேசிகள் கீச்சிட்டன. பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேசக்கூட வரவில்லை, தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். பங்குனியில், அந்த ஏழு பேரில் ஒருத்தியான தேவகி செத்துப்போனாள். அதே ஹாலில் அபிநயாவுக்கு அடுத்த மிஷினில் உட்கார்ந்திருந்தவள், சர்க்கரை வியாதிக்காரி, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். காரியம் முடிந்த மறுநாள் தேவகியின் புருஷன் அபிநயாவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். அடிக்கவில்லை, கத்தவில்லை. பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தான். "இவதான்டா. நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இதை அபிநயா சொல்லிக் கேட்ட அன்றுதான் தில்ஷாத், மூலர் அறிவிப்புகளில் கையெழுத்துப் போடும் மாவட்ட அலுவலரைப் பார்க்கப் போனாள்.

டாக்டர் இளமாறன் கெட்டவர் இல்லை. கையெழுத்துக்கு வருகிறதைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறவர்தான். படித்துப் பார்த்துவிட்டும் போடுகிறவர்.

"சார், தேவகி தீபாவளியிலேர்ந்து இருமிக்கிட்டு இருந்திருக்காங்க. அபிநயா இருமினது மூணு வாரம். அப்புறம் எப்படி சார் இவ அவங்களுக்குக் குடுத்திருப்பா?"

"உட்காருங்க தில்ஷாத்" என்றார் அவர். "இந்தக் கிருமியில நாற்பத்துநாலு லட்சம் எழுத்து. ஆனா ரொம்பச் சோம்பேறிக் கிருமி. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு எழுத்து மாறினாலே பெருசு. இந்த எட்டுப் பேர்கிட்டயும் இருந்த கிருமியில ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்ல."

"அதனால?"

"அதனால எட்டுப் பேரும் ஒரே சங்கிலின்னு உறுதியாச் சொல்லலாம்."

"யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு சொல்லலாமா?"

அவர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார்.

"எழுத்தை வச்சுச் சொல்ல முடியாது."

"அப்புறம் எதை வச்சு சார் அந்தப் பொண்ணை வேர்ல உட்கார வச்சாங்க?"

"எழுத்து ஒண்ணா இருந்தா, மென்பொருள் நேரத்தைப் பார்க்கும். யாரோட சளி முதல்ல பதிவாச்சோ அவர்தான் மூலம்னு எடுத்துக்கும். ஏதாவது ஒரு கணக்கு வேணும் இல்லையா? சட்டம் ஒரு பேர் கேக்குது."

தில்ஷாத்துக்குத் தன் கையிலிருந்த கருவியும், அது காட்டிய 9:14 என்ற எண்ணும் கண்ணில் வந்து நின்றன.

"அதாவது, நான் சொன்னதைக் கேட்டு முதல்ல வந்தாளே, அதுக்குத் தண்டனை. வராம வீட்டுல கிடந்து இருமினவங்க எல்லாம் பாதிக்கப்பட்டவங்க. அப்படித்தானே சார்?"

"நீங்க சொல்ற மாதிரி சொன்னா அது..."

"வேற மாதிரி எப்படிச் சொல்றது, சொல்லுங்க. நானும் அப்படியே சொல்லிட்டுப் போறேன். மாத்திரை ஆரம்பிச்ச ஒரு மாசத்துல அவகிட்டேர்ந்து யாருக்கும் பரவாது. இது உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு வருஷம்னு எவன் சார் எழுதினான்?"

"தில்ஷாத், குரலைத் தாழ்த்துங்க."

அவள் தாழ்த்தவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

சித்திரை பிறந்தபோது சளி வாங்கும் ஜன்னலில் ஆளே இல்லை. முன்பெல்லாம் நாளைக்கு நாற்பது டப்பா வாங்கிய இடத்தில் நாலு வந்தது, பிறகு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. சென்னையிலிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது: நாரையூர் வட்டாரத்தில் புதிய நோயாளிகள் எழுபது சதவீதம் குறைவு. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார்கள். தில்ஷாத் அந்தக் கடிதத்தை வாங்கி, நாலாக மடித்து, ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் செருகினாள்.

அந்த வாரம்தான் எஸ்தர் அவளைத் தேடி வந்தாள். எஸ்தர் மூன்றாம் ஹாலில் லைன் லீடர். முப்பத்தெட்டு வயது, வாயாடி என்று பெயரெடுத்தவள். ஆஸ்பத்திரிக்குள் வராமல், தில்ஷாத் சாப்பாட்டுக்கு வெளியே வரும்வரை எதிரே பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தாள்.

"அக்கா, ஹாலுல பதினஞ்சு பேர் இருமறாளுங்க. சூப்பர்வைசர் வந்தா துப்பட்டாவை வாயில அழுத்திக்கிறாளுங்க. எனக்கே ஒரு மாசமா ஜுரம் அடிக்குது."

"அப்புறம் ஏன் எஸ்தர் வரல?"

"இன்னாக்கா தெரியாத மாதிரி கேக்கிறீங்க? முதல்ல போறவ பேருதான் வரும். அபிநயா கதி எங்களுக்கு வேணுமா? ஒருத்தி போனா அப்புறம் நாங்க போறோம்னு எல்லாரும் சொல்றாளுங்க. அந்த ஒருத்தி யாருன்னுதான் யாரும் சொல்லல."

தில்ஷாத் டிபன் பாக்ஸைத் திறக்காமலே நின்றாள். பதினைந்து பேர், பிறகு முப்பது, பிறகு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பயந்துகொண்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருமிக்கொண்டே இருக்கப் போகிறார்கள். கடிதத்தில் மட்டும் நோய் குறைந்துகொண்டே போகும்.

"ஒருத்தி வர வேணாம்" என்றாள் தில்ஷாத். "எல்லாரும் வாங்க."

"எல்லாரும் வந்தாலும் வரிசையில ஒருத்தி முன்னாடி நிப்பாளே?"

"டப்பா வாங்கறது நான்தானே? நாற்பத்தெட்டு டப்பா பிடிக்கிற தட்டு ஒண்ணு இருக்கு. சென்னைக்கு விவரம் அனுப்பறப்ப அதை அப்படியே ஒரு கருவிக்குள்ள வைப்போம். எல்லாத்தையும் ஒரே வினாடியில படிச்சிடும். உங்க டப்பாவையும் அப்படியே படிக்க வைக்கறேன். எல்லாருக்கும் ஒரே நேரம் விழும்."

"அப்படிச் செய்யலாமா?"

"கூடாது. வாங்கினதும் ஒவ்வொண்ணாப் பதியணும்னு விதி."

"உங்க வேலை போயிடுமேக்கா."

"போனாப் போகட்டும். நான் கூப்பிட்டு வந்த பொண்ணு வாசலைத் தாண்ட முடியாமக் கிடக்குது" என்றாள் தில்ஷாத்.

வைகாசி மாதம் ஒரு திங்கட்கிழமை. கம்பெனி கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய பெண்கள் உள்ளே போகாமல் ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தார்கள். இருமுகிறவர்கள் மட்டும் வரவில்லை, இருமாதவர்களும் வந்தார்கள். நாற்பத்தாறு பேர். கடைவீதியில் ஆட்கள் வழிவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள். கம்பெனியிலிருந்து ஒருவன் பைக்கில் பின்னாலேயே வந்து, "இன்னிக்கு ஆப்சென்ட் போட்டா வேலை இல்ல, பாத்துக்குங்க" என்று கத்தினான். எஸ்தர் திரும்பி நின்று, "நீயும் வந்து ஒரு டப்பா குடுத்துட்டுப் போயேன்" என்றாள். அவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான்.

மருத்துவமனைப் பின்முற்றத்தில் வெயிலில் தள்ளித் தள்ளி நின்று சளி கொடுத்தார்கள். மூடிய டப்பாக்களை அவர்களே ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார்கள். தில்ஷாத் தட்டைக் கருவிக்குள் தள்ளிப் பொத்தானை அழுத்தினாள். நாற்பத்தாறு பெயர்களுக்கும் நேராக 10:42:07 என்று விழுந்தது. சில பெண்கள் எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார்கள். யாரும் கைதட்டவில்லை. ஒருத்தி உட்கார்ந்து அழுதாள்.

பதினெட்டுப் பேருக்கு நோய் இருந்தது. எஸ்தருக்கும் இருந்தது. அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். மரபணு விவரம் சென்னைக்குப் போய் ஒன்பதாம் நாள் இளமாறன் தில்ஷாத்தைக் கூப்பிட்டனுப்பினார். சஸ்பென்ஷன் ஆர்டர்தான் என்று நினைத்துக்கொண்டு போனாள். அதுவும் மேஜை மேல் இருந்தது. ஆனால் அவர் அதைக் கொடுக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினார்.

மரம் இல்லை. இரண்டே வரிகள்தான் இருந்தன.

மூலம், நபர்: தீர்மானிக்க இயலவில்லை.
மூலம், இடம்: தையல் கூடம் எண் 3. உறுதி 97 சதவீதம்.

தில்ஷாத் இரண்டு தடவை படித்தாள். "இடம்னு ஒண்ணு வருமா சார்? இதுவரைக்கும் நான் பாத்ததே இல்லையே."

"நானும் பாத்ததில்ல. ஒவ்வொரு சளி மாதிரியோடயும் வேலை செய்யற இடம், பஸ், வீடு எல்லாம் நீங்க பதிவு பண்றீங்க இல்ல? கம்பெனிங்க காத்தோட்ட அளவு அனுப்பறாங்க. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து இடத்தையும் அது கணக்குப் போடுது."

"எப்போலேர்ந்து போடுது?"

அவர் இன்னொரு கோப்பைத் திறந்தார். அபிநயாவின் கோப்பு. அவள் பார்த்திருந்த மரத்துக்குக் கீழே, அவளுக்குக் காட்டப்படாத இன்னொரு பக்கம் இருந்தது. நேற்றுத்தான் சென்னையில் ஒரு பழைய நண்பரிடம் கெஞ்சி வாங்கினாராம். தேதி, மாசி மாதம் மரம் வந்த அதே நாள். தையல் கூடம் எண் 3. உறுதி 96 சதவீதம்.

"தெரிஞ்சே..." என்றாள் தில்ஷாத்.

"நபர் கிடைச்சா இடத்தைக் காட்டாதேன்னு நிரல்ல ஒரு வரி இருக்கு. யாரோ எழுதச் சொல்லியிருக்காங்க. யாரோ எழுதியிருக்காங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் இருநூத்திப் பதினோரு பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன் தில்ஷாத்."

இருநூற்றுப் பதினோரு பேரும் எங்கேயோ கையில் கீச்சிடும் கைபேசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இவருக்கு எதற்கு ஆறுதல்? சஸ்பென்ஷன் ஆர்டரைத் தானே எடுத்துக்கொண்டாள்.

சட்டம் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தது. மூலம் என்று எது வந்தாலும், கையெழுத்து விழுந்ததும் அறிவிப்பு தானாகப் போய்விடும். அன்று சாயங்காலம் நாரையூர்க் கைபேசிகளில் எல்லாம் ஓர் ஆலையின் தையல் கூடத்தின் பெயர் வந்தது. மறுநாள் அதைப் பூட்டி முத்திரை வைத்தார்கள்.

நாலே நாள்தான். கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் ஒரு கூடத்தைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று வக்கீல் வாதாடினாராம். சரி, விசாரித்து முடிவு செய்வோம், அதுவரை கூடத்தைத் திறக்கலாம் என்று உத்தரவாயிற்று. கூடத்தின் பெயரைக் கைபேசிகளிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அபிநயாவின் பெயர் இருந்தது. நிறுவனங்கள் முறையிடச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஆட்கள் முறையிட இல்லை.

தில்ஷாத் இந்தச் செய்தியோடு அபிநயாவின் வீட்டுக்குப் போனாள். அவள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். மறைத்த பக்கம், 96 சதவீதம், தடை உத்தரவு எல்லாம். கேட்டுவிட்டுப் புடவையை முறுக்கிப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

"ஹாலுக்குச் சொல்ல வாய்ப்புக் குடுக்கணுமாமா?"

"ஆமாம்."

"என்னைய ஒரு வார்த்தை யாராச்சும் கேட்டாங்களாக்கா?"

அவள் கையிலிருந்த புடவையைத் தில்ஷாத் வாங்கிக் கொடியில் போட்டாள்.

"அந்த ஹாலு வந்து பேசுமா? அதுக்கு வாய் இருக்குதா? அஞ்சு வருஷம் அதுக்குள்ள உட்கார்ந்திருந்தவ நான். நான் வரேன். அதுக்குப் பதிலா நான் சொல்றேன்."

சாட்சி சொல்ல அவளை அனுமதிக்கும்படி எஸ்தரும் மற்ற பெண்களும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். இளமாறன் அந்த மறைந்த பக்கத்தைத் தன் கையெழுத்தோடு மனுவில் சேர்த்தார்.

ஆடி மாதம் விசாரணை. பஸ்ஸில் ஏறக் கூடாது என்பதால் அபிநயா பதினோரு கிலோமீட்டர் நடந்தாள். தில்ஷாத் கூடவே நடந்தாள். எஸ்தரும் வந்தாள், பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்து உட்கார்ந்து. தீர்ப்பாயத்தின் கண்ணாடிக் கதவு அபிநயாவின் கைபேசியைக் கண்டதும் சிவந்து பூட்டிக்கொண்டது.

"மூலருக்கு உள்ளே அனுமதி இல்லைம்மா" என்றார் காவலர். "விதி."

"சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. இந்தாங்க சம்மன்" என்று தில்ஷாத் நீட்டினாள்.

"அது சரி. கதவு திறக்காதே, நான் என்ன பண்ணட்டும்?"

உள்ளேயிருந்து கம்பெனி வக்கீல், சாட்சி வரவில்லை என்று பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டிருப்பது கேட்டது. எஸ்தர் கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். தில்ஷாத்தும் தட்டினாள். சஸ்பெண்ட் ஆன அரசு ஊழியர் தீர்ப்பாயக் கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கையாலும் தட்டினாள்.

உள்ளே பேச்சு நின்றது. பிறகு நீதிபதி தெரிந்தார். அறுபது வயதுப் பெண்மணி, கழுத்தில் பருத்தித் துண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மூன்று பேரையும், அவர்கள் கால் புழுதியையும் பார்த்தார். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே தாழ்வாரத்துக்கு வந்தார். பின்னாலேயே சுருக்கெழுத்தர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வக்கீல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசியாக வந்தார்.

"உங்கள் பெயர்?" என்றார் நீதிபதி.

"என் பேரு உங்க போன்லயே இருக்குதும்மா. அபிநயா."

"அந்தக் கூடத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்?"

"இருநூத்திப் பத்து பேரு."

"ஜன்னல் எத்தனை?"

"பதினாறு."

வக்கீல் நிமிர்ந்தார். "நோட் பண்ணிக்கொள்ளுங்கள், அம்மையீர். பதினாறு ஜன்னல்கள்."

"பதினாறும் அடைச்சிருக்கும்மா" என்றாள் அபிநயா. "வெளியேர்ந்து இரும்புத் தகடு வச்சு வெல்டிங் பண்ணியிருக்காங்க. நாங்க கேட்டோம். தேவகி அக்கா ரெண்டு தடவை போய்க் கேட்டாங்க, மூச்சு முட்டுதுன்னு. முடியாதுன்னுட்டாங்க."

"ஏன் என்று காரணம் சொன்னார்களா?"

"சொன்னாங்க. ஈரக்காத்து பட்டா தோல் கெட்டுடுமாம்."

சுருக்கெழுத்தரின் விரல்கள் நின்றன. எந்தத் தோல் என்று அவர் கேட்க வந்தது தில்ஷாத்துக்குத் தெரிந்தது. அவர் கேட்கவில்லை. குனிந்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்.